கோடியே ஒன்று

ஆளுக்கு ஒரு குணம் இருப்பதுபோல எண்ணுக்கும் ஒரு குணம் உண்டு என்று தேவயானி டீச்சர் சொல்வாள். உத்தமபாளையத்தில் அவளிடம் கணக்குப் படிக்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. பன்னிரண்டு தாராள மனசுக்காரன். ரெண்டு பேர் வந்தாலும் மூணு பேர் வந்தாலும் ஆறு பேர் வந்தாலும் முகம் சுளிக்காமல் பங்கு வைத்துக் கொடுத்துவிடுவான். பதின்மூன்று கஞ்சப்பயல், யார் கேட்டாலும் கையை விரிப்பான். இப்படி அவள் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் பகா எண் என்றால் என்ன என்பதை அதற்கப்புறம் மறக்கமாட்டார்கள். அவளுக்கு அது போதும்.

2006-ஆம் வருஷம் ஆடி மாதம் அவள் வாக்கப்பட்ட வீட்டின் குலதெய்வக் கோயிலில் ஒரு எண் பிறந்தது. அதன் குணத்தைக் கண்டுபிடித்தவள் தேவயானிதான். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் புத்தி உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில்தான் அது கூடுதலாக வேலை செய்து தொலைக்கிறது.

எண்ணைப் பெற்றெடுத்தவர் பேச்சிமுத்து. தேவயானியின் கணவன் மாரிசெல்வத்துக்குப் பெரியப்பா, பங்காளிகளில் மூத்தவர், வாயால் சொன்னால் சொன்னதுதான் என்று பெயரெடுத்த மனிதர். ரெண்டு வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு எதுவும் விளங்கவில்லை. திராட்சைப் பந்தல் ரெண்டு போகம் அழுகிப்போனது. போர் போட்ட இடத்தில் எல்லாம் புகைதான் வந்தது. சித்திரையில் பேச்சிமுத்துவின் பேரன், அவர் மகன் சுருளியாண்டி பெற்ற மூன்று வயசுப் பிள்ளை, வாய்க்காலில் விழுந்து செத்தான். கோடாங்கி வந்து உடுக்கடித்து, "தாயி பேரு இந்த வம்சத்து வாயில நின்னுபோச்சு. கோடி தரம் எழுதிப் போடுங்க" என்றார். பேச்சிமுத்து உள்ளங்கையில் சூடத்தை ஏற்றிக்கொண்டு, பெத்தனாச்சி சன்னதியில் எல்லோர் காதும் கேட்கச் சொன்னார்:

"கோடி என்ன தாயி, கோடியே ஒண்ணு எழுதுறோம்!"

அதில் யாருக்கும் எந்த அதிசயமும் தெரியவில்லை. மொய் வைத்தாலும் காணிக்கை போட்டாலும் முழுசில் கொண்டுபோய் நிறுத்துவது நம்மிடம் வழக்கமில்லை. நூறு என்றால் நூற்றியொன்று, ஆயிரம் என்றால் ஆயிரத்தியொன்று. கையில் சூடம் எரிகிறபோது அந்த ஒன்று தானாக வாயில் வந்துவிடும். வால் பக்கம் ஒட்டிய அந்தப் பொடி ஒன்று எண்ணின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது என்பதை எட்டு நாள் கழித்துத்தான் கண்டுகொண்டார்கள்.

ஏனென்றால் அந்த வம்சத்தில் எல்லாமே தலைக்கட்டுக் கணக்குத்தான். கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி, திருவிழா வேலை, கிடாக்கறி, எதுவானாலும் தலைக்கட்டுக்குச் சமபங்கு. நேர்த்திக்கடனில் ஒரு வீட்டுக்கு ஒரு நெல்மணி கூடினாலும் குறைந்தாலும் அந்த வீட்டில் எழவு விழும் என்று ஒரு நம்பிக்கை வேறு. மொத்தம் பத்துத் தலைக்கட்டு. கோடியைப் பத்தால் வகுத்தால் ஆளுக்குப் பத்து லட்சம், குழந்தைகூடச் சொல்லும். மிஞ்சுகிற அந்த ஒன்றை எந்த வீடு எழுதுவது? எழுதினால் பங்கு கூடிவிடும் என்று பாதிப்பேர் பயந்தார்கள். கடைசி நாமத்தை எழுதுகிறவனுக்குத்தான் முதல் மரியாதை என்று மீதிப்பேர் முண்டினார்கள். ரெண்டு பங்காளிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் வாசலிலேயே ஒருவனை ஒருவன் தள்ளிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் பேச்சிமுத்து நேராகத் தேவயானியிடம் வந்தார்.

"ஏத்தா, நீதான் கணக்கு டீச்சராச்சே. இந்த ஒண்ணுக்கு ஒரு வழி சொல்லு. ஊரு சிரிக்குது."

"பாத்துச் சொல்றேன் மாமா" என்றாள் தேவயானி. சும்மா சொல்லவில்லை. அந்தக் கணமே அவள் மனசு அந்த எண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஓய்வு நேரத்தில் ஒரு தாளை எடுத்து எழுதினாள். 1,00,00,001. கடைசியில் ஒன்று நிற்பதால் இரண்டாலும் ஐந்தாலும் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டு, மூன்றாலும் போகாது. ஏழால் வகுத்தால் நான்கு மிஞ்சியது. பதினொன்றுக்கு வந்தாள். ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கமும் ஒன்று. கழித்தால் பூஜ்யம்.

போகும்.

பதினொன்றால் வகுத்தாள். ஒன்பது லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்று, மீதி இல்லை. பேனாவை மூடி வைத்தாள். தாளை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் ஒளித்தாள். ஏனென்றால் அந்த வம்சத்தில் பதினோராவது தலைக்கட்டு ஒன்று உண்டு. அதைப்பற்றிப் பேசினால் அரிவாள் வரும்.

பதினோராவது தலைக்கட்டு ஆதித்தன். மாரிசெல்வத்தின் கூடப்பிறந்த தம்பி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணை, ஜெபஷீலாவை, ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு ராவோடு ராவாக மலையேறிவிட்டான். வேற்றுச் சாதி, வேற்று வேதம். பெண் வீட்டார் மகளே இல்லை என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். பையன் வீட்டில் அப்படி முடியவில்லை. பேச்சிமுத்து பங்காளிகளைக் கூட்டி அவனுக்குத் தண்ணி தெளித்துவிட்டார். கண்ணில் பட்டால் ரெண்டு பேரும் உயிரோடு இருக்கமாட்டார்கள் என்றார். சுருளியாண்டி சட்டைக்குள் அரிவாளைச் சொருகிக்கொண்டு குமுளி பஸ் ஸ்டாண்டில் ரெண்டு தடவை போய் நின்றுவிட்டு வந்தான். பிள்ளை செத்த பிறகு, அதற்கும் ஆதித்தன்தான் காரணம் என்று அவன் சொல்லிக்கொண்டு திரிந்தான். குலத்தைக் கெடுத்தவனால் குலதெய்வம் கோபித்துக்கொண்டதாம்.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் தேவயானி. குமுளிக்கு அந்தப் பக்கம் சக்குபள்ளத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஒரு ஸ்டோரில் ஆதித்தனுக்கு வேலை. ஸ்டோருக்குப் பின்னாலேயே வீடு. அவர்கள் ஓடிப்போன அன்று மாரிசெல்வம் மனைவியிடம் சொன்னது ஒன்றுதான்: "எங்கன இருக்கான்னு உனக்குத் தெரிஞ்சா எங்கிட்டச் சொல்லாத. தெரிஞ்சா என்னால மறைக்க முடியாது." நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷனை நம்பி ஒரு உயிரை ஒப்படைக்க முடியாது என்பது தேவயானிக்கு அன்று தெரிந்தது.

மாதம் ஒரு தடவை அவள் அவர்களோடு போனில் பேசுவாள். அந்த வாரம் பேசியபோது ஜெபஷீலா அழுதாள்.

"அக்கா, அஞ்சாம் மாசம். இங்கன சுத்தி ஒரு மனுசி கெடையாது. அவுக வேலைக்குப் போயிட்டா மழையும் நானுந்தான். பிரசவத்துக்காவது ஊருக்கு வந்துரணும்க்கா. ஏதாச்சும் வழி பாருங்க."

தேவயானி போனை வைத்தாள். வழி அவள் கைப்பையில் நாலாக மடித்துக் கிடந்தது.

அவள் அவசரக்காரி இல்லை. ஒரு கோடியே ஒன்று பதினொன்றால் வகுபடும்; சரி. வேறு எதாலும் வகுபடக்கூடாதே. பதினேழாலோ இருபத்துமூன்றாலோ போனால், பேரப்பிள்ளைகள் பெயரையெல்லாம் சேர்த்து அந்தக் கணக்குக்குத் தலைக்கட்டு உண்டாக்கிவிடுவார்கள், ஆதித்தனைக் கூப்பிடமாட்டார்கள். எனவே 9,09,091 உடைகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு 953 வரைக்கும் உள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். நூற்றி அறுபத்திரண்டு எண்கள். கால்குலேட்டரை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பரீட்சை எழுதும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், ஒவ்வொன்றாக வகுத்தாள்.

அந்த எண் அவளைப் பயமுறுத்தியது. இரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சியது. மூன்றால் வகுத்தால் ஒன்று. ஐந்தால் ஒன்று. ஏழால் ஒன்று. பதின்மூன்றால் ஒன்று. முப்பத்தேழால் வகுத்தபோதும் அதே ஒன்று. இதற்கெல்லாம் காரணம் உண்டு, 9,09,090 அவற்றால் எல்லாம் வகுபடும் என்று அவளுக்குத் தெரியும். கரும்பலகையில் நிரூபித்தும் காட்டுவாள். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கும்போது, யாரோ ஒருவன் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்றே தோன்றியது. கடைசி எண் 953. வகுத்தாள். ஈவும் 953-ஆகவே வந்தது, மீதி 882. அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. உடையவில்லை.

ஒரு கோடியே ஒன்றைச் சமமாகப் பங்கு போட வேண்டுமென்றால் பதினோரு வீடு வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பது லட்சத்துச் சொச்சம் வீடு வேண்டும். வேறு வழியே இல்லை. இதை மாற்ற பேச்சிமுத்துவாலும் முடியாது, பெத்தனாச்சியாலும் முடியாது. தேவயானி அன்று மனசார நம்பியது இதைத்தான். மனுஷன் மாறுவான், சாமிகூட மாறும், எண் மாறாது.

ஆகஸ்ட் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பேச்சிமுத்து வீட்டு முற்றத்தில் பங்காளிகள் கூடினார்கள். தேவயானி எழுந்து நின்று, வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். பத்தில் போகாது, ஏன் போகாது. ஒன்பதில் போகாது, பன்னிரண்டில் போகாது. பதினொன்றில் போகும். வீட்டுக்கு ஒன்பது லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்று. பக்கத்துக்கு நூறு கட்டம், இருநூறு பக்க நோட்டு என்றால் வீட்டுக்கு நாற்பத்தாறு நோட்டு. கடைசி நோட்டில் தொண்ணூற்றொன்றாவது பக்கத்தில், தொண்ணூற்றொன்றாவது கட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் முடியும். எல்லாவற்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி பேச்சிமுத்துவிடம் கொடுத்தாள்.

"பதினோரு தலைக்கட்டுக்கு எங்கத்தா போறது?" என்று ஒருவர் கேட்டார். கேட்ட உடனேயே அவருக்கும் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார்.

சுருளியாண்டி சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தவன் மெதுவாகத் தலையைத் தூக்கித் தேவயானியைப் பார்த்தான். மாரிசெல்வம் தரையைப் பார்த்தபடி இருந்தான்.

பேச்சிமுத்து தாளை மடித்து மடியில் செருகினார். "தாயி கணக்குப் போட்டிருக்கா போல" என்றார். "நாமதான் தண்ணி தெளிச்சோம். அவ தெளிக்கலயே." அவர் கண்ணில் நீர் நின்றது. தேவயானி அதைப் பார்த்தாள். பார்த்தது நிஜம்தான், பேரனை வாரிக்கொடுத்த மனுஷன் கண்ணில் நீர் வருவதற்குக் காரணமா இல்லை? ஆனால் அவள் அதைத் தனக்கு வேண்டியபடி வாசித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவர் ரெண்டு நாளைக்கு ஒருதரம் வர ஆரம்பித்தார். வாழைத்தார் கொண்டுவருவார், காபி குடிப்பார், கணக்குப் பேசுவார்.

"ஏத்தா, பத்துல போகவே போகாதுல்ல?"

"போகாது மாமா."

"அந்த ஒண்ணு இல்லேன்னா?"

"இல்லேன்னா ராசாவாட்டம் போகும். வீட்டுக்குப் பத்து லச்சம். ஒரு வம்பும் கெடையாது." அவள் சிரித்தாள். "ஆனா நீங்கதான் சூடத்தைக் கையில வச்சு ஒண்ணச் சேத்துட்டீகளே."

"ஆமாத்தா, நாந்தான் சேத்தேன்" என்று அவரும் சிரித்தார்.

மாரிசெல்வம் இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் தோட்டத்துக்குப் போய்விடுவான். ஒரு நாள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைச் சோற்றில் வைத்தபடி, "பெரியப்பா இம்புட்டுத் தன்மையாப் பேசி நான் பாத்ததில்ல" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்காததற்குக் காரணம், கேட்டால் அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

செப்டம்பர் ஆறாம் தேதி ஜெபஷீலா மறுபடி பேசினாள். கால் வீங்கியிருக்கிறது, ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள். ஆதித்தன் போனை வாங்கி, "அண்ணி, பெரியப்பா நெசமாவே கூப்புடுறாரா?" என்று கேட்டான். "கூப்புடுறாரு. எழுதுறதுக்கு நீ இல்லாம முடியாது. அது எண்ணு, ஏமாத்தாது" என்றாள் தேவயானி. அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததுதான். அன்று சாயங்காலம் பேச்சிமுத்து வந்தபோது, சக்குபள்ளம், ஏலக்காய் ஸ்டோர், பின்பக்க வீடு என்று எல்லாவற்றையும் சொன்னாள். வயிற்றில் பிள்ளை இருக்கிற விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதை வந்து இறங்கும்போது அவர் கண்ணாலேயே பார்க்கட்டும், மனசு குளிரும் என்று நினைத்தாள்.

அவர் எழுதிக்கொள்ளவில்லை. ஒரு தடவை கேட்டார், போதுமாயிருந்தது.

ஒன்பதாம் தேதி சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆதித்தனையும் ஜெபஷீலாவையும் கூட்டிவர ஜீப் கிளம்பியது. சுருளியாண்டி ஓட்டினான். பேச்சிமுத்து முன்னால் உட்கார்ந்தார். பின்னால் ரெண்டு பங்காளிகள். மாரிசெல்வம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றான். "நீ வேணாம்ப்பா. தேனியிலருந்து நோட்டுக் கட்டு வருது, எறக்கி வையி" என்றார் பேச்சிமுத்து. கூடப்பிறந்தவனை விட்டுவிட்டுத் தம்பியை அழைத்துவரப் போகிறார்களே என்று தேவயானிக்கு ஒரு நொடி சுருக்கென்றது. சுருளியாண்டி போகிறானே என்பது அடுத்த நொடி தோன்றியது. ஆனால் ஜீப் தெருமுனை திரும்பிவிட்டது. அவள் உள்ளே போய், வருகிறவர்களுக்கு அரிசி களைந்து போட்டாள். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு ஆதித்தனுக்குப் பிடிக்கும்.

பத்தரை மணிக்கு வேன் வந்தது. டிரைவரும் மாரிசெல்வமும் கட்டுகளை இறக்கி முன்னறையில் சுவரோரமாக அடுக்கினார்கள். தேவயானி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஆசையோடு வந்து பார்த்தாள். மேல் அட்டையில் பெத்தனாச்சி படம், மஞ்சள் பின்னணி, உள்ளே வரிசை வரிசையாகக் கட்டங்கள். அழகாகத்தான் அச்சடித்திருந்தார்கள். ஒரு கட்டைத் தூக்கி நகர்த்தினாள். கனமாக இருந்தது. நாற்பத்தாறு இவ்வளவு கனக்குமா?

எண்ணினாள். ஐம்பது.

அடுத்த கட்டையும் எண்ணினாள். ஐம்பது. கட்டுகளை எண்ணினாள். பத்து.

முதலில் அச்சகத்துக்காரன் தப்புப் பண்ணிவிட்டான் என்றுதான் நினைத்தாள். பாவம், அப்போதும் அவளுக்கு எண்ணின் மேல் சந்தேகம் வரவில்லை, ஆளின் மேல்தான் வந்தது. ஒரு நோட்டை உருவி முதல் பக்கத்தைப் பிரித்தாள். "பெத்தனாச்சி துணை. கோடி நாமம். பத்துத் தலைக்கட்டுப் பங்காளிகள்" என்று போட்டிருந்தது. கீழே பத்துப் பேர். நாலாவதாக மாரிசெல்வம். அத்தோடு கட்டின்மேல் ஒட்டியிருந்த ஆர்டர் சீட்டைப் பார்த்தாள். பத்துக் கட்டு, கட்டுக்கு ஐம்பது. தேதி ஆகஸ்ட் இருபத்துமூன்று.

ஆகஸ்ட் இருபது அவள் முற்றத்தில் நின்று பதினொன்று என்று சொன்ன நாள். அதற்கு மூன்றாம் நாள் அவர் பத்து என்று அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார். அதற்கு அப்புறம்தான் ரெண்டு வாரம் வாழைத்தாரும் காபியும்.

நோட்டுக்கு இருபதாயிரம். கட்டுக்குப் பத்து லட்சம். பத்துக் கட்டுக்கு ஒரு கோடி. அவள் மூளை அந்த நேரத்திலும் தப்பில்லாமல் பெருக்கியது. அந்த ஒன்றை எடுத்துவிட்டார்கள். எண் மாறாது என்று நம்பினாளே, அதை மாற்ற ஒரு மனுஷன் ஒரு வாக்கைத் திருப்பிக்கொண்டால் போதும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினோராவது வீடு வேண்டாம் என்றால் அதன் விலாசம் மட்டும் எதற்கு?

"இங்க பாருங்க" என்று கத்தினாள். மாரிசெல்வம் திரும்பிப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனது. ஆனால் ஆச்சரியம் எதுவும் வரவில்லை. அதைப் பார்த்ததும் தேவயானிக்கு அவன்மேல் வந்த வெறுப்பு, அதுவரை வாழ்க்கையில் யார்மேலும் வந்ததில்லை.

ஆதித்தனுடைய செல்போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஜெபஷீலா எடுத்தாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

"அக்கா! ஏறிட்டோம். அவுக பின்னாடி பங்காளிமாரோட உக்காந்து பேசிட்டு வாராக. மாமா எனக்குப் பூ வாங்கிக் குடுத்தாகக்கா."

"ஜெபா, எங்கன இருக்கீக? குமுளி தாண்டிட்டீகளா?"

"குமுளிப் பக்கம் வரலக்கா. கம்பமெட்டு வழியாப் போறோம்னாக. இப்ப அந்த ரோட்டையும் விட்டுட்டு ஏதோ எஸ்டேட்டுக்குள்ள திருப்பியிருக்காக. மலையில மொதல்ல ஒரு பூசை இருக்காம், முடிச்சிட்டுத்தான் ஊருக்காம். ஒரே காடா இருக்கு."

"எறங்கிரு. ஜெபா, நான் சொல்றதக் கேளு. வாந்தி வருதுன்னு சொல்லி வண்டிய நிப்பாட்டு. அவனையும் கூட்டிக்கிட்டு எறங்கி ஓடிரு. யாரு வீடு தெரிஞ்சாலும் உள்ள போயிரு."

"என்னக்கா சொல்றீக? சரியாக் கேக்கல. இருங்க, மாமா கேக்குறாக."

"குடுக்காத! ஜெபா!"

கைமாறியது. இன்ஜின் உறுமுவது கேட்டது. அப்புறம் பேச்சிமுத்துவின் குரல், காபி குடிக்கும்போது பேசுகிற அதே குரல்.

"என்னத்தா. நோட்டு வந்துருச்சா?"

"மாமா, நீங்க சொன்னது கோடியே ஒண்ணு." அவளுக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. கெஞ்சத் தெரியாதவள் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டாள். "தாயிகிட்டச் சொன்ன வாக்கு மாமா. மாத்தக்கூடாது."

"நீ கூட்டத்துல சொன்ன அன்னைக்கே பூக்கட்டிப் பாத்துட்டேன். கோடி போதும்னு தாயி வெள்ளப் பூவக் குடுத்துட்டா. வாய் தவறிச் சேத்தது, எடுத்துட்டேன். நீதான சொன்ன, அந்த ஒண்ணு இல்லேன்னா ஒரு வம்பும் கெடையாதுன்னு."

"மாமா, அவ மாசமா இருக்கா. அஞ்சு மாசம். உங்க வம்சத்துப் புள்ள மாமா. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

ஜீப் ஏதோ மேட்டில் ஏறித் திணறியது. ஜெபஷீலா பின்னால் யாரிடமோ என்னவோ கேட்பதும், ஆதித்தன் சிரித்து அதற்குப் பதில் சொல்வதும் தெளிவாகக் கேட்டன. தேவயானி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மனுஷன் யோசிக்கிறான், இரங்கிவிடுவான் என்று அந்த அரை நிமிஷம் முழுக்க நம்பினாள்.

"வயித்துப் புள்ள தலைக்கட்டுல சேராதுத்தா" என்றார் பேச்சிமுத்து.

இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொன்னாள். தேவயானி மாரிசெல்வத்தின் சட்டைப்பையில் கையைவிட்டு பைக் சாவியை எடுத்து அவன் நெஞ்சில் எறிந்தாள். "எடுறா வண்டிய. ஸ்டேசனுக்குப் போயிட்டு மலைக்குப் போறோம்" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. சாவி கீழே விழுந்தது. அவன் குனியவில்லை. அவளே எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, முதலில் எதிர்ப்பட்ட ஆளிடம், பைக் ஓட்டத் தெரியுமா என்று கேட்டாள்.